வாக்குச்சீட்டுகளை எரித்த நாடு - மெக்சிகோ தேர்தல்களும் இடதுசாரிகளும்

மெக்சிகோ என்றதும் நம்மில் பலருக்கு மரடோனா கையால் கோல் போட்ட 1986 உலகக் கோப்பை நினைவுக்கு வரும். கொஞ்சம் அரசியல் படிப்பவர்களுக்கு ஸபாத்தாவும், முகமூடிக்குள் புகைக்குழாய் பிடித்தபடி நிற்கும் மார்க்கோஸும் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்டின் தேர்தல் வரலாற்றை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. நாடாளுமன்றமே கூடி, கைதூக்கி, மக்கள் போட்ட வாக்குச்சீட்டுகளை எரித்துவிடலாம் என்று தீர்மானித்த வரலாறு அது!

மேற்கத்திய பத்திரிகைகள் இந்த வரலாற்றைச் சுருக்கமாக இப்படிச் சொல்லும்: "71 ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டது. 2000ஆம் ஆண்டில் கோகோ கோலா நிறுவனத்தின் முன்னாள் அதிகாரி விசெந்தே ஃபாக்ஸ் தேர்தலில் வென்றார். மெக்சிகோவில் ஜனநாயகம் பிறந்தது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்ட வாக்கை ஒழுங்காக எண்ணு என்று கேட்டதற்காகவே சிறைக்குப் போனவர்களும் செத்தவர்களும் இந்தக் கதையில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். அவர்களையும் சேர்த்து இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புரட்சியின் பெயரில் ஒரு கட்சி

1876 முதல் 1911 வரை, இடையில் ஒரு நான்காண்டு நீங்கலாக, மெக்சிகோவை ஆண்டவர் போர்ஃபிரியோ தியாஸ். தேர்தல் நடக்கும், அவரே வெல்வார். 1910ல் அவரை எதிர்த்து நின்ற ஃபிரான்சிஸ்கோ மதேரோவைத் தேர்தலுக்கு முன்பே சிறையில் போட்டார்கள். மதேரோவின் முழக்கம் எளிமையானது: வாக்குக்கு மதிப்பு வேண்டும், மறுமுறை அதிபராகும் வழக்கம் கூடாது. அந்த முழக்கத்தில்தான் புரட்சி பற்றிக்கொண்டது. தெற்கே ஸபாத்தாவின் விவசாயிகள் நிலம் கேட்டார்கள், வடக்கே பாஞ்சோ வியா படை திரட்டினார். இந்த ஒரு முரண்பாட்டை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது. மதேரோவுக்கு வாக்கு வேண்டும், ஸபாத்தாவுக்கு நிலம் வேண்டும். இந்த இரண்டு கோரிக்கைகளும் சேர்வதும் பிரிவதும்தான் பிற்கால மெக்சிகோவின் கதை.

1917 அரசியல் சட்டம் அந்தக் காலத்துக்கு மிக முற்போக்கானது. நிலமும் நிலத்தடி வளமும் தேசத்துக்குச் சொந்தம் என்றது 27ஆம் பிரிவு. எட்டு மணி நேர வேலையையும் வேலைநிறுத்த உரிமையையும் கொடுத்தது 123ஆம் பிரிவு. ஆனால் அதிகாரம் புரட்சியில் வென்ற தளபதிகளின் கைக்குப் போனது. அவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாகாமல், ஒரே கூரையின் கீழ் பதவிகளைப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தவர் ப்ளூதார்கோ எலியாஸ் கயேஸ். 1929ல் அவர் தொடங்கிய கட்சிதான் இரண்டு முறை பெயர் மாறி, 1946 முதல் நிறுவனப் புரட்சிக் கட்சி, சுருக்கமாக பிஆர்ஐ, ஆனது. புரட்சியையே நிறுவனமாக்கிவிட்டார்கள்!

இந்தக் கட்சிக்கு நல்ல காலமும் உண்டு. 1934 முதல் 1940 வரை அதிபராக இருந்த லாசரோ கார்தெனாஸ் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் நிலத்தை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1938 மார்ச் 18 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கினார். நஷ்டஈடு கொடுக்க ஏழைப் பெண்கள் கோழிகளையும் நகைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆனால் அதே கார்தெனாஸ்தான் தொழிற்சங்கங்களையும் விவசாய சங்கங்களையும் ஆளும் கட்சியின் உறுப்புகளாக்கினார். அவர் இருந்தவரை அது தொழிலாளியின் பலம். அவர் போனபின் அது தொழிலாளியின் கழுத்துக் கயிறு. அரசுக்கு ஆதரவான சங்கத் தலைவர்களுக்கு 'சாரோ' என்று ஒரு பெயரே வந்துவிட்டது. 1959ல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ராணுவத்தை வைத்து உடைத்தார்கள். அதன் தலைவர்கள் தெமேத்ரியோ வயேஹோவும் வாலெந்தின் காம்பாவும் 1970 வரை சிறையில் கிடந்தார்கள்.

திருட்டுக்கு ஒரு அகராதி

பிஆர்ஐ ஆட்சியில் தேர்தல் தவறாமல் நடந்தது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அதிபர் மாறினார். மறுபடி நிற்க முடியாது. ஆனால் அடுத்தவரை அவரே கைகாட்டுவார். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'விரல் நீட்டல்'. 1990ல் பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசா (அவர் ஒன்றும் இடதுசாரி இல்லை) இந்த ஏற்பாட்டை 'கச்சிதமான சர்வாதிகாரம்' என்று சொன்னார். சர்வாதிகாரியின் முகம் மாறிக்கொண்டே இருக்கும், கட்சி மாறாது.

தேர்தல் திருட்டின் ஒவ்வொரு வகைக்கும் மெக்சிகோ மக்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே சீட்டுகள் நிரப்பப்பட்ட பெட்டி 'கர்ப்பிணிப் பெட்டி'. பத்து இருபது சீட்டுகளைச் சுருட்டி ஒன்றாகப் போடுவது 'டாக்கோ'. எதிர்க்கட்சி வாக்காளரை இந்தச் சாவடியில் பெயர் இல்லை, அந்தச் சாவடிக்குப் போ என்று நாள் முழுக்க அலையவிடுவது 'பைத்தியக்கார எலி'. லாரியில் ஆள் ஏற்றி வருவது நமக்குத் தெரிந்ததுதான். அதற்கும் அங்கே தனிச்சொல் உண்டு. ஒரு மொழியில் ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் இருந்தால், அது அன்றாட வாழ்வில் எவ்வளவு கலந்திருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் கம்யூனிஸ்டுகள் எங்கே இருந்தார்கள்? மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சி 1919ல் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர், வங்காளத்தைச் சேர்ந்த எம்.என்.ராய். பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போய், அங்கிருந்து 1917ல் மெக்சிகோ போனவர். அந்தக் கட்சி பெரும்பாலான காலம் தேர்தல் பதிவு இல்லாமலே இருந்தது. 1976 அதிபர் தேர்தலில் சீட்டில் அச்சிடப்பட்ட வேட்பாளர் ஒரே ஒருவர்தான், பிஆர்ஐயின் லோபஸ் போர்த்தியோ. சிறையிலிருந்து வந்த காம்பாவைக் கம்யூனிஸ்டுகள் பதிவில்லாத வேட்பாளராக நிறுத்தினார்கள். அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்ட வாக்குகள் எல்லாம் கணக்கில் சேராமல் போயின.

தேர்தலுக்கு வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை அதற்கு எட்டு ஆண்டு முன்பே காட்டியிருந்தார்கள். 1968 அக்டோபர் 2 அன்று, ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களை ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை சரியான கணக்கில்லை. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த எச்சேவெரியாதான் 1970ல் அடுத்த அதிபர். சதுக்கத்தில் சுடப்பட்ட தலைமுறையில் சிலர் மலைகளுக்குப் போய் ஆயுதம் எடுத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 1977ல் அரசு தேர்தல் சட்டத்தைத் தளர்த்தியது. 1979 நாடாளுமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி சட்டப்படி நின்று சுமார் 5 சதவீத வாக்கு பெற்றது. அந்தத் தளர்வு யாரும் பெருந்தன்மையாகக் கொடுத்ததல்ல. ரத்தம் சிந்தி வாங்கியது.

1988: 'அமைப்பு விழுந்துவிட்டது'

1982ல் மெக்சிகோ வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. ஐ.எம்.எஃப். வந்தது. கூலி சரிந்தது, மானியம் போனது, அரசு நிறுவனங்கள் விற்பனைக்கு வந்தன. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் தலைநகரம் இடிந்தபோது அரசு திகைத்து நின்றது. மக்களே இடிபாடுகளைத் தோண்டினார்கள், மக்களே அமைப்பு கட்டினார்கள்.

இந்தச் சூழலில் பிஆர்ஐக்குள்ளேயே ஒரு கலகம். பழைய அதிபரின் மகன் குவாதேமோக் கார்தெனாஸ், போர்ஃபிரியோ முனோஸ் லேதோ, பொருளாதார அறிஞர் இஃபிஹேனியா மார்த்தினெஸ் ஆகியோர் கட்சிக்குள் ஜனநாயகம் கேட்டு, கிடைக்காமல், வெளியேறினார்கள். கார்தெனாஸ் 1988 தேர்தலில் அதிபர் வேட்பாளர். சிறு கட்சிகள் பின்னால் திரண்டன. கம்யூனிஸ்டுகளும் சேர்ந்திருந்த சோசலிஸ்ட் கட்சியின் வேட்பாளர் ஹெபெர்தோ காஸ்தியோ தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு அவருக்காக விலகிக்கொண்டார். இடதுசாரிகள் ஒன்றுசேர மாட்டார்கள் என்பது உலகமெங்கும் உள்ள கேலி. அந்த ஒருமுறை சேர்ந்தார்கள்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 2 அன்று, கார்தெனாஸின் வாக்குக் கண்காணிப்பு ஏற்பாடுகளைக் கவனித்துவந்த ஃபிரான்சிஸ்கோ ஹவியர் ஒவாந்தோவும் அவர் உதவியாளர் ரோமான் ஹிலும் தலைநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 6 அன்று வாக்குப்பதிவு. அப்போது சுதந்திரமான தேர்தல் ஆணையம் கிடையாது. தேர்தலை நடத்தியதே உள்துறை அமைச்சர் மானுவேல் பார்த்லெட் தலைமையிலான குழு. முதல் முறையாகக் கணினியில் முடிவுகளைத் தொகுப்பதாகச் சொன்னார்கள். இரவில் முதல் முடிவுகள் வரத் தொடங்கியபோது கணினி நின்றுபோனது. 'அமைப்பு விழுந்துவிட்டது' என்ற வாக்கியம் மெக்சிகோவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. விழுந்தது கணினி அமைப்பா, ஆட்சி அமைப்பா என்று இரட்டை அர்த்தத்தில் மக்கள் சொல்லிச் சிரித்தார்கள். பல நாள் கழித்து முடிவு வந்தது. பிஆர்ஐயின் சாலினாஸுக்கு 50 சதவீதத்துக்குச் சற்று மேல், கார்தெனாஸுக்கு 31 சதவீதம். மிகப் பெரும் எண்ணிக்கையிலான சாவடிகளின் முடிவுகள் சாவடிவாரியாக வெளியிடப்படவே இல்லை.

அன்றைய அதிபர் மிகேல் தெ லா மத்ரித் 2004ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், முதலில் வந்த எண்ணிக்கை பாதகமாக இருந்ததால் முடிவுகளை வெளியிடாமல் நிறுத்திய கதையை அவரே எழுதியிருக்கிறார். பதினாறு ஆண்டு தாமதம்!

அப்படியானால் கார்தெனாஸ்தான் வென்றாரா? இனி யாராலும் சொல்ல முடியாது. வாக்குச்சீட்டுகள் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ராணுவக் காவலில் இருந்தன. 1991 டிசம்பரில் அவற்றை அழித்துவிட நாடாளுமன்றம் தீர்மானித்தது. பிஆர்ஐ மட்டுமல்ல, வலதுசாரி தேசிய செயல் கட்சியும், அதாவது பான் கட்சியும், அதற்கு வாக்களித்தது. 1992 ஜனவரியில் சீட்டுகள் எரிந்தன. அதே ஜனவரியில்தான் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு திருத்தப்பட்டு, விவசாயிகளின் பொது நிலத்தைத் தனியாருக்கு விற்க வழி திறக்கப்பட்டது. அதற்கும் இதே இரண்டு கட்சிகள்தான் கூட்டு. வாக்கும் நிலமும் ஒரே மாதத்தில் போயின. மதேரோ கேட்டதும் ஸபாத்தா கேட்டதும் ஒன்றாகப் பறிபோன மாதம் என்று சொல்லலாம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பான் கட்சியும் தேர்தல் திருட்டை எதிர்த்துப் போராடிய கட்சிதான். 1986ல் சிஹுவாஹுவா மாநிலத்தில் அவர்களிடமிருந்தும் திருடினார்கள். ஆனால் தனியார்மயம் என்று வந்தபோது, திருடியவனோடு கைகோர்ப்பதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. டெலிபோன் நிறுவனம் கார்லோஸ் ஸ்லிம்மின் கைக்குப் போனது, வங்கிகள் போயின.

கார்தெனாஸ் ஆதரவாளர்கள் 1989 மே மாதம் ஜனநாயகப் புரட்சிக் கட்சியை, சுருக்கமாக பிஆர்டியை, தொடங்கினார்கள். பழைய கம்யூனிஸ்டுகளும் தங்கள் கட்சியைக் கலைத்து அதில் சேர்ந்தார்கள். சாலினாஸின் ஆறு ஆண்டுகளில் தங்கள் ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாக அக்கட்சி சொன்னது.

முகமூடியும் வாக்குப்பெட்டியும்

1994 ஜனவரி 1, வட அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள். அன்று விடியற்காலையில் சியாபாஸ் மாநிலத்தில் ஸபாத்திஸ்தாக்கள் நகரங்களைப் பிடித்தார்கள். 27ஆம் பிரிவை மாற்றியது அவர்களுடைய முக்கியமான கோபங்களில் ஒன்று. பலர் கவனிக்காத விஷயம், அதே ஜனவரி முடிவதற்குள் பெரிய கட்சிகள் எல்லாம் உட்கார்ந்து நேர்மையான தேர்தலுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பல ஆண்டு மனுக்கொடுத்து நடக்காதது சில வாரத்தில் நடந்தது. 1996 சீர்திருத்தத்தில் தேர்தல் ஆணையம் அரசின் பிடியிலிருந்து முழுதாக விடுபட்டது. அடுத்த ஆண்டே பிஆர்ஐ கீழவையில் பெரும்பான்மை இழந்தது, கார்தெனாஸ் மெக்சிகோ நகரத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சித் தலைவரானார். ஆக, 2000ல் ஃபாக்ஸ் அறுவடை செய்த வயலை உழுதது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தேர்தல் இடதுசாரிகளுக்கும் ஸபாத்திஸ்தாக்களுக்கும் உறவு நிலைக்கவில்லை. 2001ல் பழங்குடி உரிமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்து செனட்டில் நிறைவேற்றியபோது பிஆர்டி செனட்டர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள். அந்தத் துரோகத்தை ஸபாத்திஸ்தாக்கள் மறக்கவில்லை. 2006 தேர்தலின்போது எந்தக் கட்சிக்கும் ஆதரவில்லாமல் 'மற்றொரு பிரச்சாரம்' என்று நாடு சுற்றினார்கள்.

அந்த 2006 தேர்தல் முடிவு: பான் கட்சியின் கால்டெரோன் 35.89 சதவீதம், பிஆர்டியின் லோபஸ் ஓப்ரதோர் 35.31 சதவீதம். 4 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் இரண்டரை லட்சம்கூட இல்லை. "ஒவ்வொரு வாக்காக, ஒவ்வொரு சாவடியாக எண்ணு" என்று தலைநகரின் பிரதான சாலையில் கூடாரமடித்து ஒன்றரை மாதம் மக்கள் உட்கார்ந்தார்கள். தேர்தல் நீதிமன்றம் சுமார் 9 சதவீதச் சாவடிகளை மட்டும் மறுபடி எண்ணச் சொன்னது. அதிபர் ஃபாக்ஸின் தலையீடு தேர்தலுக்கே ஆபத்தாக இருந்தது என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, தேர்தல் செல்லும் என்றது! கள்ளவாக்கு நடந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முழுதாக எண்ணிக் காட்டினால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை எண்ணாமலே விட்டது ஏன் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. சந்தேகத்தோடு பதவியேற்ற கால்டெரோன், சில நாட்களில் ராணுவத்தைத் தெருவில் இறக்கி 'போதைப் போர்' தொடங்கினார். அதன் பிணங்களை மெக்சிகோ இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வென்ற பிறகு

இடதுசாரிகள் தோற்றுக்கொண்டிருந்தவரை அவர்கள் கதை தியாகக் கதை. பதவிக்கு வந்த இடங்களில் அது சிக்கலாகிறது. 2014 செப்டம்பரில் அயோத்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் 43 மாணவர்கள் இகுவாலா நகரில் காணாமலாக்கப்பட்டார்கள். 1968 அக்டோபர் 2 நினைவு ஊர்வலத்துக்குத் தலைநகரம் போக பஸ் பிடிக்க வந்த மாணவர்கள் அவர்கள். அந்த நகரின் மேயரும் அந்த மாநிலத்தின் ஆளுநரும் பிஆர்டி ஆட்கள். அந்த ஆண்டே கார்தெனாஸ் தான் தொடங்கிய கட்சியிலிருந்து விலகினார். அதற்கு முன்பே வெளியேறியிருந்த லோபஸ் ஓப்ரதோர் மொரேனா என்ற புதுக் கட்சி கண்டார்.

2018ல் மூன்றாவது முயற்சியில் அவர் 53 சதவீதத்துடன் வென்றார். 30 ஆண்டு முன்பு 'விழுந்த' அமைப்பு இம்முறை விழவில்லை. 2024ல் அவர் வழிவந்த கிளாடியா ஷெயின்பாம் சுமார் 60 சதவீத வாக்குடன் மெக்சிகோவின் முதல் பெண் அதிபரானார். சாதனைகள் உண்மையானவை. 2018ல் நாளொன்றுக்கு 88 பெசோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2024ல் 249 பெசோ ஆனது. அரசுப் புள்ளிவிவரப்படி இந்த ஆறு ஆண்டுகளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வறுமையிலிருந்து மீண்டார்கள். கூலியை ஏற்றினால் பொருளாதாரம் சரியும் என்று முப்பது ஆண்டு பயமுறுத்திய நிபுணர்களுக்கு இது பதில்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரும் பணக்காரர்கள்மீது புதிய வரி எதுவும் வரவில்லை. ரயில், விமான நிலையம், சுங்கம் என்று ராணுவத்தின் கை நீண்டது. மாயா ரயில் திட்டத்தை ஸபாத்திஸ்தாக்கள் எதிர்த்தார்கள். 2018 தேர்தலில் பழங்குடி மக்களின் சார்பில் மரிச்சுய் என்று அழைக்கப்படும் மரியா தெ ஹேசுஸ் பாத்ரிசியோ நிற்க முயன்றார். சுயேச்சையாக நிற்க 8 லட்சத்து 66 ஆயிரம் கையெழுத்து வேண்டும், அதையும் செல்போன் செயலியில் வாங்க வேண்டும் என்றது விதி. மின்சாரமே ஒழுங்காக இல்லாத கிராமத்தில் ஸ்மார்ட்போனுக்கு எங்கே போவது? வாக்கு எண்ணப்படும் காலம் வந்தபின்பும், வேட்பாளராவதற்கே வசதி வேண்டியிருந்தது.

இன்னும் கசப்பான ஒன்று. 1988ல் கணினி 'விழுந்தபோது' உள்துறை அமைச்சராக இருந்த அதே பார்த்லெட், லோபஸ் ஓப்ரதோர் ஆட்சியில் 2018 முதல் 2024 வரை அரசு மின்வாரியத்தின் தலைவர்! மறுபக்கம், அந்தத் திருட்டை எதிர்த்துப் பிறந்த பிஆர்டி, 2024 தேர்தலில் பிஆர்ஐ, பான் ஆகியவற்றோடு கூட்டணி வைத்து நின்று, தேசியக் கட்சி என்ற பதிவையே இழந்தது. பிஆர்ஐயிலிருந்து கூட்டம் கூட்டமாக மொரேனாவுக்கு வந்தவர்களைப் பார்க்கும்போது, பழைய கட்சி சட்டை மாற்றிக்கொண்டு வருகிறதோ என்று அங்குள்ள இடதுசாரிகளே கேட்கிறார்கள். 2025 ஜூனில் நீதிபதிகளையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நடந்தபோது வந்தவர்கள் சுமார் 13 சதவீதம் பேர்தான். இந்தக் கேள்வியைச் சதி என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் தேர்தல் பாதை வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. வாக்கை எண்ணவைத்தது மெக்சிகோ இடதுசாரிகளின் சாதனை. காம்பாவும், த்லாதெலோல்கோ மாணவர்களும், ஒவாந்தோவும், சியாபாஸ் மலைகளின் பழங்குடியினரும் அதற்கு விலை கொடுத்தார்கள். அதை ஃபாக்ஸுக்கோ வாஷிங்டனுக்கோ தாரைவார்க்கத் தேவையில்லை. ஆனால் சங்கம் அரசின் சட்டைப்பைக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாடே பாடம். லாசரோ கார்தெனாஸைவிட நல்ல அதிபர் மெக்சிகோவுக்குக் கிடைக்கவில்லை. அவர் கட்டிய சங்கங்களை வைத்துத்தான் அடுத்த அரை நூற்றாண்டு தொழிலாளியை அடக்கினார்கள்.

2024 அக்டோபர் 1 அன்று ஷெயின்பாமின் பதவியேற்பு. 1987ல் பிஆர்ஐயிலிருந்து கலகம் செய்து வெளியேறிய அந்த இஃபிஹேனியா மார்த்தினெஸ்தான் அன்று கீழவைத் தலைவர். தள்ளாத வயதில், மூச்சுவிட ஆக்சிஜன் குழாயோடு வந்து, அதிபர் பட்டையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். நான்காம் நாள் காலமானார். 1988ன் சீட்டுகள் எரிந்து சாம்பலாகிவிட்டன, அந்தக் கணக்கை இனி யாரும் சரிபார்க்க முடியாது. அவர் தலைமுறை பார்க்க விரும்பியது, எண்ணிய வாக்கின் பேரில் ஒருவர் பதவியேற்பதை. அதை அவர் பார்த்துவிட்டுப் போனார். ஸபாத்தா கேட்ட நிலத்தின் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.